கடலோர வீட்டின் கேரேஜ் கதவு: பொருளைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கடலுக்கு அருகில் வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் கேரேஜ் கதவின் நிறத்தையும் தோற்றத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே "இது துருப்பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள். "பிடிக்காது" என்று விற்பவர் சொல்லும் பதில் பலகத்தைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உப்புக்காற்றில் முதலில் கெடுவது பலகத்தின் நடுப்பகுதி அன்று. கீல்களின் திருகுகள், தரையைத் தொடும் கீழ் விளிம்பு, தொழிற்சாலையிலோ பொருத்தும் இடத்திலோ வெட்டப்பட்ட ஓரங்கள், கதவைத் தூக்கும் கம்பிவடத்தின் கீழ்முனை ஆகியவையே முதலில் போகின்றன.

ஆகவே இங்கே தரப்படும் வரிசை கடைக்காரரின் வரிசைக்கு நேர்மாறானது. உப்பின் கடுமை, காற்றின் அழுத்தம், கதவின் வகை ஆகிய மூன்றும் தெளிவான பிறகுதான் பலகத்தின் பொருளைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பிடித்துப்போன பொருளுக்கு ஏற்றபடி மற்றவற்றை வளைக்கத் தொடங்கிவிடுவோம்.

## 1. முன்கூட்டியே சேகரிக்க வேண்டியவை

வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இரு ஓரங்களிலும் நடுவிலுமாக அளந்து, மிகச் சிறிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்கள் முழுக்க நேராக இருப்பது அரிது. ஒரே இடத்தில் அளந்து செய்யப்பட்ட கதவை வாசலுக்குள் அடக்குவதற்காக ஓரத்தை அறுக்க நேரும், அறுத்த அந்த ஓரத்தில்தான் பின்னர் அரிப்பு தொடங்கும்.

வாசலின் மேல் விளிம்பிலிருந்து உட்கூரை வரை உள்ள இடைவெளியும், இரு பக்கச் சுவர்களில் கிடைக்கும் இடமும் தேவை. கதவின் எடையைச் சமன்செய்து தூக்க உதவுவது ஸ்பிரிங்; கனமான கதவுக்குப் பெரிய ஸ்பிரிங் வேண்டும். பெரிய ஸ்பிரிங்குக்கு மேலே கூடுதல் இடம் வேண்டும். இடம் போதாத வீட்டில் மரக்கதவைப் பற்றி யோசிப்பதே வீண்.

கதவின் உருளைகள் ஓடும் தடங்களான டிராக்குகள் எதன்மீது பொருத்தப்படும் என்பதையும் பாருங்கள். கான்கிரீட், செங்கல், மரச்சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் போல்ட்டின் வகையும் பிடிமானமும் வேறு.

கருவிகளில் அளவு நாடா, கைவிளக்கு, ஈரமான வெள்ளைத் துணி, சிறு காந்தம் ஆகியவை போதும். காந்தம் எதற்கு என்றால், முலாம் பூசிய இரும்புத் திருகு காந்தத்தை இறுகப் பிடிக்கும். 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடிக்காது, அல்லது உருவாக்கும்போது அழுத்தப்பட்டிருந்தால் லேசாக மட்டும் பிடிக்கும். 304 எது, 316 எது என்பதைக் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. அதற்கு விலைப்பட்டியலில் எழுத்து மூலம் வாங்குவதே வழி.

## 2. உங்கள் வாசலில் உப்பு எவ்வளவு என்று அறிதல்

கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்பது முதல் கேள்வி. ஆனால் அது மட்டுமே போதாது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளே காற்றில் உப்பாக வருகின்றன. ஆகவே, ஓயாமல் அலை மோதும் திறந்த கடற்கரையில் உப்பு வெகுதூரம் உள்ளே வரும். அமைதியான உப்பங்கழியின் கரையில் அதே தூரத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். பொதுவாக முதல் சில நூறு மீட்டருக்குள் உப்பின் படிவு செங்குத்தாகக் குறைந்து, அதன் பிறகு மெதுவாகக் குறைகிறது. கதவு கடல்காற்றை நேராக எதிர்கொள்கிறதா, இடையில் மரங்களோ கட்டடங்களோ மறைக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் சர்வதேசத் தரம் காற்றின் அரிக்கும் தன்மையை மிகக் குறைவான சி1 முதல் மிகக் கடுமையான சி5 வரையும், அதற்கும் மேல் சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. இதில் வாங்குபவருக்கு உதவும் எண், எஃகைத் துருவிலிருந்து காக்க அதன்மேல் பூசப்படும் துத்தநாகம் கரையும் வேகம். முதல் ஆண்டில் துத்தநாகம் சி3 சூழலில் 0.7 முதல் 2.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், சி4 சூழலில் 2.1 முதல் 4.2 வரையும், சி5 சூழலில் 4.2 முதல் 8.4 வரையும் கரைகிறது. சிஎக்ஸ் சூழலில் 25 மைக்ரான் வரை போகலாம். எஃகுத் தகடுகளில் பரவலாகக் கிடைக்கும் இசட் 275 பூச்சு, இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் கொண்டது. அதாவது ஒரு புறத்துக்குச் சுமார் 20 மைக்ரான். மேலே பெயின்ட் இல்லாமல் இருந்தால், சி3 சூழலில் பத்தாண்டுகளுக்கு மேல் தாங்கும் இந்தப் பூச்சு, சி5 சூழலில் சுமார் இரண்டரை முதல் ஐந்து ஆண்டுகளில் கரைந்துவிடும். "கால்வனைஸ் செய்தது", அதாவது துத்தநாகம் பூசியது, என்ற சொல்லை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான். எந்தப் பூச்சு, எந்தச் சூழல் என்ற இரண்டும் தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

அளவீட்டுக் கருவி இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தைப் படிக்கலாம். அருகிலுள்ள வீடுகளின் கேட் கீல்கள், ஏ.சி.யின் வெளிப்புறப் பெட்டியின் தகடுகள், மாடிக் கைப்பிடியின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்த்து, அவை எப்போது பொருத்தப்பட்டவை என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் முலாம் போய்ச் செந்துரு வழிந்திருந்தால் உங்கள் சூழல் கடுமையானது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் வெளிறிய சாம்பல் நிறம் மட்டுமே இருந்தால் நடுத்தரம் எனலாம்.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மழை படும் வெளிப்புறமே அதிகம் கெடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழை எட்டாத கூரையின் அடிப்பகுதி, பலகங்களின் மூட்டு, கதவின் உட்புறம் ஆகிய இடங்களில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது நீரை இழுத்துக் கரையும்; கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். எனவே மழையே பெய்யாத நாளிலும் கேரேஜுக்குள் உள்ள இரும்பு நனைந்துதான் இருக்கிறது. ஈர வெள்ளைத் துணியால் உட்புறத்தையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி உலர்ந்த பின் வெண்படலம் தெரிந்தால் கதவின் உட்புற உதிரிகளுக்கும் வெளிப்புறத் தரமே வேண்டும்.

## 3. காற்றழுத்தத்தை எண்ணாக மாற்றுதல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே மிக அதிகம். கேரேஜ் வாசல் வீட்டின் மிகப் பெரிய திறப்பு; புயலில் அது உள்ளே சரிந்தால், புகுந்த காற்று உள்ளிருந்து கூரையை மேலே தள்ளுகிறது, வெளியே வீசும் காற்று அதே கூரையை மேலே இழுக்கிறது. கூரை பறப்பதற்குக் கதவு காரணமாவது இப்படித்தான்.

காற்றின் அடிப்படை அழுத்தம், நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தை 0.613ஆல் பெருக்கினால் பாஸ்கல் அலகில் கிடைக்கும். நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 1,530 பாஸ்கல். இரண்டு கார்களுக்கான 4.8 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் கொண்ட கதவின்மீது இது ஒன்றரை டன்னுக்கும் சற்று அதிகமான சுமை. வேகம் இரு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும் என்பதால், உங்கள் பகுதிக்கான வடிவமைப்புக் காற்று வேகத்தை உள்ளூர்க் கட்டட விதிகளிலிருந்தோ கட்டமைப்புப் பொறியாளரிடமிருந்தோ பெறுங்கள்; மூலைப்பகுதி, நிலத்தின் அமைப்பு போன்றவற்றுக்கான திருத்தங்களையும் அவரே சேர்த்துத் தருவார்.

கதவுக்கு உள்ள மதிப்பீட்டை இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, இ.என். 12424 என்னும் ஐரோப்பியத் தரத்தில் 2ஆம் வகுப்பு 450 பாஸ்கலையும், 3ஆம் வகுப்பு 700 பாஸ்கலையும், 4ஆம் வகுப்பு 1,000 பாஸ்கலையும் குறிக்கிறது. அதற்கு மேற்பட்டவை 5ஆம் வகுப்பு. "புயலைத் தாங்கும்" என்ற விளம்பரச் சொல்லை இப்படியொரு எண்ணாக மாற்றித் தர முடியாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

அழுத்தம் உள்நோக்கி மட்டும் வருவதன்று. காற்று கதவை வெளிநோக்கி உறிஞ்சவும் செய்யும், அப்போது உருளைகள் டிராக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆகவே இரு திசைகளுக்கும் தனித்தனி எண் கேளுங்கள்.

## 4. கதவின் வகையை முடிவு செய்தல்

பொருளுக்கு முன்பே வகையை முடிவு செய்வதற்குக் காரணம், உப்பு தங்கும் இடங்களின் எண்ணிக்கையை வகையே தீர்மானிக்கிறது.

சுருண்டு மேலேறும் ரோலிங் ஷட்டரில் பட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றும் உப்பைப் பிடித்துவைக்கும். சுருளுக்குள் போன பின் அவற்றைக் கழுவவும் முடியாது, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் பூச்சு உரசிக் கரையும். கடும் சூழலில் இரும்பு ஷட்டர் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. ஷட்டர்தான் வேண்டும் என்பவர்கள் அலுமினியப் பட்டைகளுக்குப் போகலாம்.

கிடைமட்டப் பலகங்கள் கீல்களால் இணைந்து மேலேறும் கதவே பரவலானது. உதிரிகள் அதிகம், ஆனால் ஒவ்வொன்றையும் பார்க்கலாம், கழுவலாம், தனியே மாற்றலாம். பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவில் ஸ்பிரிங்கும் கம்பிவடமும் இல்லை என்பது பெரிய வசதி. பலத்த காற்றில் திறந்து பிடிக்க முடியாது என்பது அதே அளவு தொல்லை.

## 5. பலகத்தின் பொருள்

### அலுமினியம்

அலுமினியம் செந்துரு பிடிப்பதில்லை. அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் ஆக்சைடு படலமே அதைக் காக்கிறது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும், அவை வெண்பொடி படிந்த சிறு குழிகளாகத் தெரியும். கடல்சூழலுக்கு 5052 போன்ற மெக்னீசியம் கலந்த தகடுகளும், சட்டங்களுக்கு 6063 வகையும் பொருத்தமானவை. செம்பு அதிகம் கலந்த உலோகக்கலவைகளைத் தவிர்க்க வேண்டும்.

அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இதை மறப்பதே இந்தப் பொருளில் நிகழும் முக்கியப் பிழை. ஒரே தடிமனில் எஃகுக் கதவு தாங்கும் காற்றை அலுமினியக் கதவு தாங்காது. அகலமான வாசலில் ஒவ்வொரு பலகத்துக்கும் பின்னால் குறுக்குச் சட்டம் வேண்டும். சட்டம் சேர்த்த பிறகான எடைக்கே ஸ்பிரிங்கைக் கணக்கிட வேண்டும்.

கடும் சூழலில், சரியான பூச்சும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட அலுமினியமே என் முதல் தேர்வு. கார் மோதினாலோ பந்து பட்டாலோ எளிதில் நெளியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதை வாங்க வேண்டும்.

### எஃகு

காற்றழுத்தத்தை மட்டும் பார்த்தால் எஃகை மிஞ்சுவது கடினம். கடலிலிருந்து விலகி, சி3 அளவில் உள்ள வீட்டுக்கு இசட் 275 பூச்சும் அதன்மேல் நல்ல பெயின்ட்டும் கொண்ட எஃகுக் கதவு நியாயமான தேர்வு. சி4க்கு மேல் போகும்போது, எஃகின் ஆயுள் அதன் ஓரங்களின் ஆயுளாகச் சுருங்கிவிடுகிறது. துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டும்போது வெட்டுமுகத்தில் பூச்சு இருப்பதில்லை. அருகிலுள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்து அந்த முகத்தைக் காக்கும், ஆனால் உப்பு மிகுந்த இடத்தில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நடுவில் நுரை நிரப்பிய இரட்டைத் தகட்டுக் கதவு வாங்கினால், நுரையின் வகையைக் கேளுங்கள். உள்ளேயே ஊற்றி நிரப்பப்படும் பாலியூரித்தேன் இரு தகடுகளோடும் ஒட்டிக்கொள்வதால் நீர் தேங்க இடம் குறைவு. வெட்டிச் செருகப்படும் பாலிஸ்டைரீன் பலகையைச் சுற்றி இடைவெளி இருக்கும். அதில் புகுந்த உப்புநீர் உட்புறத்திலிருந்து அரிக்கத் தொடங்கும், வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

### ஃபைபர் கிளாஸ்

பலகம் துருப்பிடிக்காது, உப்பு அதை ஒன்றும் செய்யாது. வெயில்தான் அதன் எதிரி: புற ஊதாக் கதிர்கள் மேற்படலத்தைச் சுண்ணாம்புபோல் பொடியாக்கும், பிறகு உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரியும். கூர்மையான மோதலில் நெளியாமல் விரிசல் விடும் என்பதால், புயலில் பறந்துவரும் பொருட்கள் அதிகமுள்ள இடத்தில் மோதல் சோதனைச் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஃபைபர் கிளாஸ் தோலுக்கு உள்ளே இருக்கும் சட்டம் எது? இரும்புச் சட்டத்தின்மேல் ஒட்டப்பட்ட ஃபைபர் கிளாஸ், கடலோரத்தில் இரும்புக் கதவாகவே கெடும்.

### வினைல்

பி.வி.சி.யால் ஆன வினைல் பலகம் உப்பைப் பொருட்படுத்தாது, சிறு அடிகளில் நெளிந்து மீண்டுவிடும், பெயின்ட் தேவையில்லை. ஆனால் வெப்பத்தில் அது விரிவது மற்ற பொருட்களைவிட மிக அதிகம். வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 4.8 மீட்டர் அகலப் பலகம் 10 முதல் 15 மி.மீ. வரை நீளும், அதே நிலையில் அலுமினியம் நான்கு மி.மீ.க்குச் சற்று மேல், எஃகு இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல்தான். அடர்நிறம் வெயிலில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், வினைலில் வெள்ளையும் வெளிர்நிறங்களுமே பாதுகாப்பு. பின்னாளில் அடர்நிறம் அடித்தால் பலகம் வளையும். இங்கும் உள்ளிருக்கும் வலுவூட்டல் சட்டம் எதனால் ஆனது என்று கேட்க வேண்டும்.

### மரம்

மரத்தை உப்பு நேரடியாக அழிப்பதில்லை. நனைந்து உலரும் சுழற்சியே அழிக்கிறது. தேக்கு, செடார் போன்றவை இயல்பாகவே அழுகலை எதிர்ப்பவை. ஆயினும் கடலோரத்தில் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூச்சைப் புதுப்பிக்க முடியாதவர்கள் மரத்தை எண்ண வேண்டாம். மரம் நீரை உறிஞ்சினால் எடை கூடும், எடை கூடினால் ஸ்பிரிங்கின் சமநிலை குலையும், அதன்பின் மோட்டார் திணறும்.

மரம்தான் என்று முடிவு செய்தால், ஒவ்வொரு பலகையின் ஆறு முகங்களுக்கும் பொருத்துவதற்கு முன்பே பூச்சு அடிக்க வேண்டும். கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் நீரை மிக வேகமாக உறிஞ்சும் வெட்டுமுகங்கள்; பொருத்திய பின் அவற்றைத் தூரிகை எட்டாது. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்க வேண்டும், ஏனெனில் மரத்தில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து கருங்கறையை உண்டாக்கும். செம்புச் சேர்மங்களால் பதப்படுத்தப்பட்ட மரத்தில் அலுமினிய, துத்தநாக முலாம் பூசிய உதிரிகள் விரைவில் அரிக்கும்.

## 6. மேற்பூச்சைத் தனியாகத் தேர்ந்தெடுத்தல்

ஒரே அலுமினியக் கதவு பூச்சைப் பொறுத்து ஐந்து ஆண்டுகளும் தாங்கலாம், இருபது ஆண்டுகளும் தாங்கலாம். அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய, சட்டங்களுக்குக் கடலோரத்தில் 25 மைக்ரான் தடிமன் கேளுங்கள். 10 மைக்ரான் உட்புறப் பயன்பாட்டுக்கானது.

தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்கில் தடிமனைவிட அடியில் செய்யப்படும் முன்தயாரிப்பு முக்கியம். உலோகத்தின் மேற்பரப்பு சரியாகக் கரைத்துச் சுத்தம் செய்யப்படாவிட்டால், பூச்சுக்கு அடியில் நூல்போல் நெளிந்து ஓடும் இழை அரிப்பு தொடங்கும். அது எப்போதும் ஒரு கீறலிலோ வெட்டு ஓரத்திலோ ஆரம்பித்துப் பரவும். அலுமினியப் பூச்சுக்கான குவாலிகோட் தரத்தில் கடலோரத்துக்கென்றே சீசைடு என்னும் தனிப் பிரிவு உண்டு. அமெரிக்கத் தரங்களில் ஏ.ஏ.எம்.ஏ. 2604 ஐந்து ஆண்டுகளும், 2605 பத்து ஆண்டுகளும் வெளிவெயிலில் வைத்துப் பார்த்த செயல்திறனைக் கோருகின்றன. இவற்றில் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுதலும் துளையிடுதலும் பூச்சுக்கு முன்பா, பின்பா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பூச்சுக்குப் பின் துளையிட்டால் ஒவ்வொரு துளையும் திறந்த காயம்.

## 7. இரும்புச் சாமான்கள்

கதவின் ஆயுளை உண்மையில் தீர்மானிக்கும் படி இதுவே, ஆயினும் விலைப்பட்டியலில் இது ஒரே வரியில் "உதிரிகள் உட்பட" என்று முடிந்துபோகும். அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கீல்கள், உருளைகளின் அச்சு, கம்பிவடம் பிணையும் கீழ்மூலைத் தாங்கி, திருகுகள் ஆகியவை கடும் சூழலில் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். 316இல் உள்ள இரண்டு முதல் மூன்று சதவீத மாலிப்டினமே குளோரைடு குழிகளைத் தடுக்கிறது. 304இல் அது இல்லை. 304 உடைந்து விழுந்துவிடாது, ஆனால் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போன்ற பழுப்பு படரும். கழுவாமல் விட்டால் 316இலும் அந்தக் கறை வரும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. சொரசொரப்பான பரப்பில் உப்பு தங்கும்.

உருளைகளுக்கு நைலான் சக்கரமும் மூடிய பேரிங்கும் கேளுங்கள். டிராக்குகள் அலுமினியத்திலோ பூச்சிட்ட கனமான கால்வனைஸ் தகட்டிலோ இருக்கலாம். தரையைத் தொடும் ரப்பர் பட்டையைப் பிடிக்கும் சட்டம் பல கதவுகளில் மெல்லிய இரும்பாகவே வருகிறது. கார் கழுவிய நீரும் தெறிக்கும் மழையும் சேரும் இடம் அது என்பதால், அங்கே அலுமினியம் கட்டாயம்.

ஸ்பிரிங்கின் கணக்கு சற்று வேறு. சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை ஏறி இறங்குவதற்காகச் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. துருவின் ஒவ்வொரு குழியும் விரிசலின் தொடக்கப்புள்ளி ஆகிவிடுவதால், பூச்சில்லாத ஸ்பிரிங் கடலோரத்தில் அந்த எண்ணை எட்டுவதில்லை. பூச்சிட்ட, அதிகச் சுழற்சிக்கான ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை வீண் போகாது.

வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடங்களில் ஒரு விதி போதும்: திருகு, அது பிடிக்கும் தகட்டைவிட அரிப்பைத் தாங்கும் உலோகமாக இருக்க வேண்டும். பெரிய அலுமினியப் பலகத்தில் சிறிய ஸ்டெயின்லெஸ் திருகு, இடையே நைலான் வாஷரோடு, ஏற்கத்தக்கது. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சிறிய முலாம் திருகு வைத்தால், அரிப்பு முழுவதும் அந்தச் சிறு திருகின்மீதே குவிந்து அது விரைவில் காணாமல் போகும். செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் அலுமினியத்தின்மீது விழாதபடியும் பாருங்கள்.

தானியங்கி மோட்டார் பொருத்துவதாக இருந்தால், சங்கிலியைவிடப் பெல்ட் இயக்கம் நல்லது. மின்சுற்றுப் பலகையும் உணர்கருவிகளின் முனைகளும் ஈரத்தால் பச்சை பூத்துக் கெடுவது அடிக்கடி நிகழ்வது. மூடிய பெட்டி உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## 8. பணம் கொடுக்கும் முன் உத்தரவாதத்தைப் படித்தல்

பல உத்தரவாதங்களில் கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள வீடுகளுக்கு அரிப்பு சேர்க்கப்படாது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். பலகத்துக்கு நீண்ட உத்தரவாதமும் உதிரிகளுக்கு ஓராண்டும் தரப்படுவதும் வழக்கம். உங்கள் வீட்டின் தூரத்தை எழுதிக் கொடுத்து, அந்தத் தூரத்துக்கு உத்தரவாதம் செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், கழுவிய நாட்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டும் தேவைப்படும்.

## 9. பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவை

கதவுக்கு அருகில் இரும்பை அறுப்பதையோ தேய்ப்பதையோ அனுமதிக்க வேண்டாம். பறக்கும் இரும்புத்தூள் பூச்சிலும் ஸ்டெயின்லெஸ் பரப்பிலும் பதிந்து, சில நாட்களில் செம்புள்ளிகளாகும். பிறகு கதவே துருப்பிடித்ததாக வீண் சண்டை வரும். துளையிட்ட துகள்களை அன்றே துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஈரச் சிமென்ட் அலுமினியத்தையும் அனோடைஸ் படலத்தையும் கறைப்படுத்தி அரிக்கும் காரத்தன்மை கொண்டது. பூச்சுவேலை முடிந்து உலர்ந்த பிறகே கதவு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றி, கதவைப் பொருத்திவிட்டுச் சுற்றிலும் பூசுவது பலர் செய்யும் பிழை.

வெட்டப்பட்ட ஒவ்வோர் ஓரத்துக்கும் அன்றே பூச்சு வேண்டும். எஃகில் துத்தநாகம் நிறைந்த பெயின்ட்டை முதலிலும், நிறப்பூச்சைப் பிறகும் அடிக்க வேண்டும். பலகத்தின் கீழ்ச்சட்டத்தில் உள்ள நீர்வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். சீலன்ட் பூசுபவர் ஆர்வத்தில் அவற்றையும் அடைத்துவிடுவார்.

## 10. முதல் ஆண்டின் பராமரிப்பு

கடும் சூழலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையும், மற்ற இடங்களில் மாதம் ஒரு முறையும் நல்ல நீரால் கழுவுங்கள். மேலிருந்து கீழாக, மழை படாத இடங்களில் கூடுதல் நேரம், உட்புறமும் சேர்த்துக் கழுவ வேண்டும். உட்புறத்தில் மோட்டார்ப் பெட்டி, உணர்கருவிகள் ஆகியவற்றின்மீது நீர் அடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அழுக்குக்கு மென்மையான சோப்புநீரே ஏற்றது. குளோரின் கலந்த பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கெடுக்கும். அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் கருவி, உப்புநீரை மூட்டுகளுக்குள் தள்ளிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

கழுவி உலர்ந்த பிறகு கீல்களுக்கும் பேரிங்குகளுக்கும் சிலிக்கான் மசகு இடுங்கள். டிராக்குக்குள் கிரீஸ் வேண்டாம். உப்பும் மணலும் அதில் ஒட்டித் தேய்க்கும் பசையாக மாறும்.

ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, கதவு மூடிய நிலையில் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அங்கேயே நின்றால் சமநிலை சரி. இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பலகம் நீரை வாங்கி எடை கூடியிருக்கிறது. அதே நேரத்தில் கம்பிவடத்தின் கீழ்முனையைக் கைவிளக்கால் பார்த்து, ஓர் இழை பிரிந்திருந்தாலும் கதவை இயக்காமல் நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரை அழையுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங்கையும் அதோடு பிணைந்த கீழ்மூலைத் தாங்கியின் திருகுகளையும் வீட்டிலுள்ளவர்கள் தொடக் கூடாது. அவற்றில் அடங்கியிருக்கும் விசை கையை முறிக்கப் போதுமானது.